நித்திரை எப்படி, அம்மா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரிகளின் ஓ.பி.டி. வரிசையில் நின்று "எனக்கு மனவடு" என்று யாரும் சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் விறைப்பு, உடம்பு உளைவு, "ஒரே யோசனை" என்றுதான் வருவார்கள். பனடோலைக் கொடுத்து அனுப்பினால் அடுத்த கிழமையும் அதே ஆள் அதே வரிசையில் நிற்பார். "சண்டைக்குள்ள என்ன நடந்தது?" என்று கேட்டாலோ, ஒன்றில் வாய் பூட்டிக்கொள்ளும், இல்லையென்றால் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு அன்றிரவு முழுக்க நடுங்கிக்கொண்டு கிடப்பார்கள்.

அதனால்தான் அனுபவமுள்ள உளவளத்துணையாளர்கள் முதல் கேள்வியாக நித்திரையைக் கேட்கிறார்கள். அதைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை, பயமுமில்லை. பதிலிலோ நிறைய இருக்கும். படுத்து நெடுநேரம் புரள்கிறவருக்குப் பெரும்பாலும் பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்றம். விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்து முகட்டைப் பார்த்துக் கிடப்பவரிடம் மனச்சோர்வைத் தேட வேண்டும். கத்திக்கொண்டு எழும்புகிறவருக்குக் கனவு. அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைக்காமல் படுக்கிறவர் இன்னும் இடம்பெயர்ந்துகொண்டுதான் இருக்கிறார். ஆண்களிடம் "நித்திரைக்கு என்ன எடுக்கிறனீங்கள், அண்ணை?" என்று கேட்டால் கசிப்பும் சாராயமும் தானாகவே கதைக்குள் வந்துவிடும்.

போர் என்றால் பி.ரி.எஸ்.டி., அதாவது நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. போர் முடிந்த 2009இலேயே யாழ் மாவட்டத்தில் ஓர் ஆய்வு எடுத்து, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதில் பி.ரி.எஸ்.டி. அறிகுறிகள் 7 வீதம். மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். பி.ரி.எஸ்.டி. கேள்விக்கொத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போனால் எத்தனை பேர் கை நழுவிப் போவார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

முதல் நாட்களின் வேலை வேறு. 2009இல் வவுனியாவில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் இருந்தபோது, தண்ணீர் பவுசருக்கு ஒரு வரிசை, மலசலகூடத்துக்கு ஒரு வரிசை, பிரிந்த பிள்ளை எந்த முகாமில் என்று தேடுவதற்கு இன்னொரு வரிசை. அந்த நேரத்தில் பிள்ளையைத் தேடிக் கொடுப்பதுதான் உளவளத்துணை. 2007இல் சர்வதேச நிறுவனங்கள் ஒன்றுகூடி வகுத்த நான்கு அடுக்கு வழிகாட்டியும் இதையே சொல்கிறது. அடியில் பாதுகாப்பும் சோறு தண்ணியும். அதன்மேல் குடும்பம், ஊர், கோயில். மூன்றாவது அடுக்கில் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். உச்சியில், மிகக் குறைந்த பேருக்கு மட்டும், மனநல மருத்துவர். எங்கள் பக்கத்தில் போருக்குப் பிந்திய தொடக்க ஆண்டுகளில் உளசமூக வேலைக்கு அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. கட்டடம் கட்ட வந்தவர்களுக்குக் கதவு திறந்தது, கதை கேட்க வந்தவர்களுக்குத் திறக்கவில்லை.

உள முதலுதவியை உலக சுகாதார நிறுவனம் 2011இல் மூன்று சொல்லில் சுருக்கியது: பார், கேள், இணை. மூன்றிலும் பிழை விடுவது நடுவில்தான். 'கேள்' என்றால் தோண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் வட்டமாக இருத்தி, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி, ஒரே அமர்வில் 'எல்லாத்தையும் வெளியில எடுத்துவிடுகிற' முறை ஒரு காலத்தில் பெரிய பெயரோடு ஓடியது. அதனால் பி.ரி.எஸ்.டி. குறையவில்லை, சிலருக்குக் கூடியது என்று கண்டபிறகு கைவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் யாரோ ஒரு குழு அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருகிறது. "கடவுள் சித்தம்", "உங்களுக்காவது உயிர் மிஞ்சினதே" என்ற ஆறுதல்களும் வேண்டாம். நித்திரைக்கென்று டயஸிபாம் எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். முதல் மாதத்தில் மனவடு அறிகுறிகளுக்கு அந்த வகை மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று 2013இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பலன் காணோம், பழக்கம் மட்டும் தொற்றிவிடும். முதல் மாதத்து நடுக்கமும் கனவும் பெரும்பாலானோருக்குத் தானாகவே தணியும்.

தணியாதவர்களுக்கு ஐந்து அமர்வில் முடியும் எளிய முறை ஒன்று இருக்கிறது. பிரச்சினை முகாமைத்துவம் என்று பெயர். கிழமைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதலில் மெதுவாக மூச்சு விடுதல், பிறகு தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்துச் சிறு படிகளாக உடைத்தல், கைவிட்ட வேலையைத் திரும்பத் தொடங்குதல், ஆதரவான ஆட்களைத் தேடிப் பிடித்தல். கடைசி அமர்வு, திரும்ப விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு. மருத்துவர் தேவையில்லை, பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் உள்ள ஊர்ப் பணியாளரே செய்யலாம். சாவதற்குத் திட்டம் வைத்திருப்பவரையும், இல்லாத குரல் கேட்பவரையும் இதற்குள் எடுக்கக்கூடாது, நேரே உளநல கிளினிக். சாகிற எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

கதையைத் திறக்கிற சிகிச்சை இதற்கெல்லாம் பிறகு, தேவையானவருக்கு மட்டும். ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான எடுத்துரைப்புச் சிகிச்சையை வடக்கில் ஆசிரியர்களே படித்துச் செய்திருக்கிறார்கள். முதல் அமர்வில் நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். ஒரு நுனி பிறப்பு. மற்ற நுனி சுருட்டியபடியே கிடக்கும், அது இனி வரப்போகிற வாழ்க்கை. நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். முதல் நாளில் கல்லுக்குப் பெயர் மட்டும்தான் ("மாத்தளன், பங்கர்", அதாவது கடைசிச் சண்டை நடந்த கரையோர ஊரும் பதுங்குகுழியும்). விபரத்துக்குள் இறங்கக்கூடாது.

அதற்குப் பிறகு பிறப்பிலிருந்து வரிசையாக நடந்து வருவது. ஒரு கல்லுக்கு வந்தால் நடை மெதுவாகும். அன்று காலை எங்கே இருந்தீர்கள், என்ன மணம், என்ன சத்தம், அப்போது மனதில் என்ன ஓடியது, உடம்பில் எந்த இடத்தில் அது தெரிந்தது? நடுநடுவே, "இதைச் சொல்லேக்க இப்ப உங்கட நெஞ்சு எப்படி இருக்கு, அக்கா?" என்று இன்றைக்கும் இழுக்க வேண்டும். அன்றையது அன்றைக்கு, இன்றையது இன்றைக்கு என்று மூளை பிரித்துப் பழகுவது இந்தப் போக்குவரத்தில்தான். பயம் உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கி, ஆள் கதைக்குள் ஒரு பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே அமர்வை மூடலாம். துணையாளர் வீட்டில் அதை எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித்தான் தொடங்குவார்.

பிழை நடப்பது எங்கே? ஒன்றரை மணி நேரம் ஒதுக்காமல் முக்கால் மணிக்கு வாகனம் வந்து நிற்கும். பயம் உச்சியில் நிற்கும்போது "சரி, மிச்சத்தை வாற கிழமை கதைப்பம்" என்று எழும்பிவிடுவார்கள். அதைவிடத் தொடங்காமலே விட்டிருக்கலாம். நினைத்தால் தாங்கமாட்டேன் என்ற பாடத்தை அந்த ஒரு நாளிலேயே ஊன்றிப் படித்துக்கொள்கிறார் அவர். அடுத்த கிழமை வரவும் மாட்டார். ஆய்வுக்கென்றும் அறிக்கைக்கென்றும் ஒரே தாயிடம் ஒரே கதையை ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போன ஊர்களில் இந்தச் சேதத்தை நிறையக் காணலாம்.

கதை சொல்லும்போதே ஆள் 'போய்விடுவதும்' உண்டு. கண் ஒரு இடத்தில் நிலைத்து, பதில் பிந்தி, கை குளிர்ந்து, உடல் தளரும். தோளைப் பிடித்து உலுக்கக்கூடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, கால் தசைகளை இறுக்கி இறுக்கி விடச் சொல்ல வேண்டும். ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி உள்ளங்கையில் வைத்தால் அந்த மணம் வேலை செய்யும். அறையில் தேசிக்காயும் ஒரு போத்தல் குளிர்தண்ணியும் இல்லாமல் இந்தச் சிகிச்சைக்கு உட்காராதீர்கள்.

மனவடுவுக்கு இது ஒன்றுதான் வழி என்று நினைக்கவும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் இந்த முறையையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஆறாறு அமர்வாக ஒப்பிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதலாவதில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பழகிய மூச்சையும் மந்திரத்தையுமே மருந்தாக எடுத்தது வெறும் ஊர்ப்பாசத்தால் அல்ல என்பது தெரிகிறது. சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். எந்தச் சொல் ஆளுக்குச் சிறுவயதிலிருந்தே ஊறியதோ அதுதான். இதிலும் ஒரு பொறி உண்டு. யன்னலைச் சாத்தி, லைற்றை அணைத்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னால் பங்கருக்குள் கிடந்தவருக்கு அது திரும்பவும் பங்கர்தான். கதவு திறந்திருக்கட்டும், கண்ணும் திறந்திருக்கட்டும், பார்வை நிலத்தில் ஒரு புள்ளியில் நின்றால் போதும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே முடிந்துபோன சம்பவம் என்று ஒன்று இல்லை. இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய முடியாது, பொட்டை அழிக்கவும் மனம் வராது, வைத்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற துணையாளரைத் தாய்மார் மகனைக் கொன்றவர் மாதிரித்தான் பார்ப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால், இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழை எடுக்கலாம். காணிக்கும் வங்கிக்கும் அது உதவும். மரணச் சான்றிதழா அதுவா என்ற முடிவைக் குடும்பம்தான் எடுக்க வேண்டும். துணையாளர் செய்யக்கூடியது, இரண்டாலும் என்ன ஆகும் என்பதை விளங்கப்படுத்திவிட்டுப் பிரதேச செயலகம் வரைக்கும் கூடப் போவது. மற்றபடி, ஒரே நிலையில் உள்ள பத்துப் பேர் ஒழுங்காகக் கூடுகிற இடம் ஒன்று போதும், அங்கே பொட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

நீண்ட போரின் வடுவும் ஒரு காலை வெடித்த குண்டின் வடுவும் ஒன்றல்ல. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும், கொழும்பு விடுதிகளிலும் வெடித்ததில் 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் அதில் அடக்கம். தப்பியவர்களில் பலருக்குப் பயம் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் பிடித்துக்கொண்டது: ஆலயம், ஞாயிறு, காலை, முதுகில் பையோடு வரும் அந்நியர். இதற்குப் படிப்படியாகப் பழக்குவதுதான் வழி. முதலில் ஆலய வீதியால் நடந்து போவது. பிறகு படலையில் நிற்பது. கிழமை நாளில், யாருமில்லாதபோது, உள்ளே போய் வருவது. வாசலுக்குக் கிட்டக் கடைசி வாங்கில் இருப்பது. கடைசியில்தான் ஞாயிறு. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி கேட்டு, எட்டில் தொடங்கியது நாலாகும் வரை அதே படியில் நிற்க வேண்டும். எட்டில் ஓடி வந்தால் அடுத்தமுறை ஒன்பதில் தொடங்கும். அந்த மே மாதம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே கனவோடு கத்திக்கொண்டுதான் எழும்பின. துணையாளர் ஒரு பக்கத்துக்கு மட்டும் போனால் ஊரில் அடுத்த வெடிப்புக்கு அவரும் கொஞ்சம் திரி வைத்தவர் ஆவார்.

பயிற்சி வகுப்புகள் அவ்வளவாகத் தொடாத விடயம் குறிப்புப் புத்தகம். முன்னாள் போராளி ஒருவர் வாய் திறக்காததற்கு நோய் மட்டும் காரணமில்லை, நீங்கள் எழுதுகிற பேனாவும்தான். பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள், அந்த இலக்கத்துக்குரிய பெயர்ப் பட்டியல் வேறு இடத்தில் பூட்டில் இருக்கட்டும். எந்த அணி, எந்தப் பொறுப்பு என்பது சிகிச்சைக்குத் தேவையில்லை, எழுதவே வேண்டாம். எடுத்துரைப்புச் சிகிச்சையில் எழுதிய கதையைக் கடைசி அமர்வில் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். வீட்டில் வைக்கப் பயந்தால் அவர் முன்னாலேயே எரிக்கலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்தே வன்னியில் நித்திரை குழம்பத் தொடங்கும், மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாளில் கஞ்சி காய்ச்சி முடிகிறவரை. மாவீரர் நாள் வருகிற நவம்பர் கடைசியும் அப்படி. அந்தக் கிழமைகளில் புதிய கல் ஒன்றையும் திறக்காமல், வீடுகளுக்குப் போய் வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திட்டப் பணம் முடிகிற நாள் முதலிலேயே தெரியும். ஆனால் அதை ஆட்களுக்குச் சொல்வது கடைசிக் கிழமையில்தான். குறைந்தது ஆறு கிழமைக்கு முன்னர் சொல்லி, எத்தனை அமர்வு மிச்சம் என்று எண்ணி, உளநல கிளினிக் நடக்கும் நாளையும், அங்கே யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு சிறு மட்டையில் எழுதிக் கொடுத்து, முதல் தடவை கூடவே போய் இருத்திவிட்டு வர வேண்டும். மட்டையின் பின்பக்கத்தில் 1926. அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அந்த மட்டை தலைமாட்டுப் பைக்குள், அடையாள அட்டையோடு சேர்ந்து போய்விடும்.