பெரியப்பா தேடுற பில்லர்

எங்கட பெரியப்பா திருகோணமலை உவர்மலையில முப்பது வருஷத்துக்கு மேல டிங்கர் வேலை செய்தவர், நசுங்கின மொறிஸ் மைனர் மட்கார்ட்டை அவர் தட்டி எடுத்தா கையால தடவிப் பார்த்தாலும் எங்க அடிபட்டது எண்டு பிடிக்க ஏலாது. போன ஞாயிறு அவருக்கு போன்ல ஒரு காரின்ட பழைய கறுப்பு வெள்ளை போட்டோ காட்டினன். மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, போனை மூக்கு முட்டப் பிடிச்சுப் பார்த்தார். பிறகு காரின்ட முன்கண்ணாடி ஓரத்தை விரலால தொட்டு, “தம்பி, இஞ்ச பில்லர் எங்கடா?”

அதுதான் விசயமே. கிறைஸ்லர் கொம்பனியின்ட நோர்ஸ்மன் எண்ட கார். அந்தக் கொம்பனி டிசைனர் வெர்ஜில் எக்ஸ்னர் தலைமையில அமெரிக்காவில டிசைன் பண்ணி, இத்தாலி டூரின்ல கீயா எண்ட கார் பொடி கட்டுற கொம்பனி ஆக்கள் பொடி கட்டினது, ஒரே ஒரு கார்தான், கட்டவே 15 மாசம் போயிருக்கு. முன்கண்ணாடி ஓரத்தில கூரையைத் தாங்குற தூண், அந்த பில்லரே இல்லை, கூரை முழுக்க பின்பக்கத்தில ஊண்டி, வளைஞ்சு வந்து முன்கண்ணாடிக்கு மேல சும்மா வந்து நிக்குது. ஹெட்லைட் கூட மூடி போட்டு ஒளிச்சு வச்சிருக்கிறாங்கள்.

அதை நியூயோர்க் கொண்டுபோக ஆந்த்ரேயா டோரியா எண்ட இத்தாலிக் கப்பல்ல ஏத்தினாங்கள். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்கக் கரையில நன்டக்கெட் தீவுப் பக்கம் பனிமூட்டத்துக்க ஸ்டொக்ஹோம் எண்ட சுவீடன் கப்பல் வந்து பக்கவாட்டில குத்தினது, அடுத்தநாள் காலமை டோரியா அடிக்குப் போயிட்டுது. ரெண்டு கப்பல்லயும் சேர்த்து 51 பேர் செத்தது. அதுக்கு முன்னால கார் எல்லாம் ஒரு கதையா எண்டுதான் எனக்கும் முதல்ல பட்டது, ஆனா மனசு விடுதில்லையே.

பெரியப்பாக்கு விடவே இல்லை. “எங்கட ஹார்பருக்க ஜப்பான்காரன் குண்டு போட்ட சகாயிங் கப்பலையே நேவி தூக்கினவங்கள், ஒரு காரைத் தூக்க ஏலாதோ?” சகாயிங் 2018-ல மேல வந்தது, உண்மைதான், ஆனா அது கிடந்தது முப்பத்தஞ்சு அடி சொச்சம், டோரியா கிடக்கிறது 240 அடி, குளிர் தண்ணி, கப்பலே இடிஞ்சு சரிஞ்சு போச்சு. கார்கோ பகுதிக்குள்ள இறங்கின டேவிட் பிரைட் எண்ட டைவர், மரப்பெட்டி சிதைஞ்சு, கார் படுமோசமாக் கிடக்கு எண்டு சொன்னவர்.

இதில இன்னொண்டு, அதே 1956-லதான் எங்கட திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழ கடலுக்க, போட்டோகிராபர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் முங்கி பழைய கோணேசர் கோயில் தூணுகளைப் பார்த்தவை. அங்க பில்லர் இல்லாத கார் தாழ, இஞ்ச தூண் வெளிக்கிடுது. சும்மா சொன்னன்.

பின்னேரம் பெரியப்பா பால்மா டின் ஒண்டை வெட்டி விரிச்சு, வளைச்சு, ஒரு பக்கத்தை மட்டும் பலகையில ஆணி அடிச்சார். மற்றப் பக்கத்தை விரலால அமத்தினார். ஆடிச்சுது. “உள்ளுக்கு என்னத்தை வச்சுக் கட்டியிருப்பான் இத்தாலிக்காரன்?”

நேற்று போய்ப் பார்த்தன், அந்தத் தகரத்துக்குப் பின்னால இன்னொரு பட்டி வச்சு அடிச்சிருக்கிறார்.