சாயம் ஏறாத செல்கள்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எனக்கு வந்து சேர்ந்தது எலியின் மூளை. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸ் என்ற நொதி அதில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

உறையவைத்த மூளையைச் சீவும் கிரையோஸ்டாட் கருவியில் 40 மைக்ரான் கனத்துக்குச் சீவி, துண்டுகளைச் சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் தூக்கிக் கரைசலில் மிதக்கவிட்டேன். கரைசலில் நொதிக்கு வேண்டிய என்ஏடிபிஎச், நீலமாக மாறும் சாயமான நைட்ரோ ப்ளூ டெட்ரசோலியம் இரண்டும் இருக்கும். 37 டிகிரியில் வைத்தால் நொதி உள்ள இடம் மட்டும் நீலமாகும். முதல் நாள் டீ குடிக்கப் போய் அரட்டையில் உட்கார்ந்துவிட்டேன். நேரம் கடந்துவிட்டது. வந்து பார்த்தால் துண்டு முழுக்கக் கத்தரிப்பூ நிறம்!

இந்தச் சாயத்தில் மூளைக்குள் தனித்தனியாகச் சில செல்கள் பளிச்சென்று தெரிவதை 1960களிலேயே பார்த்திருக்கிறார்கள். அவற்றில் சாயமேற்றும் நொதிக்கு என்ன வேலை என்பதுதான் புரியவில்லை. 1990இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிரெட், ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் நைட்ரிக் ஆக்சைடு சின்தேஸைப் பிரித்தெடுத்து, மூளையில் அது இருக்கும் இடங்களையும் காட்டினார்கள். மறு வருடமே, சாயமேற்றும் நொதியும் இதுவும் ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது.

மூளையின் வெளி அடுக்கான புறணியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு நரம்புச் செல்களில்தான் இது இருக்கிறது. ஆனால் அவற்றின் இழைகள் போகாத இடமில்லை. மூளையின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியிலும் இதே கதை.

என்னைக் குழப்பியது சிறுமூளை. கிரானுல் செல்கள் என்ற குட்டி நரம்புச் செல்களின் அடுக்கு நீலம், மேலே கூடைச் செல்கள் என்ற இன்னொரு வகையும் நீலம். நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்கள் மட்டும் வெறும் ஓட்டைகள் மாதிரி வெளுத்துக் கிடந்தன. சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தடவை திரும்பச் செய்தேன். மூன்று தடவையும் அதே ஓட்டைகள். கைடு எட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்துல எல்லாம் ஏறியிருக்கே, இதுல மட்டும் சாயம் எப்படிக் கெடும்?" என்றார்.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. செல்லுக்குள் பையில் கட்டி வைக்க முடியாது. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் கால்மோடுலின் என்ற புரதம் போய் நொதியில் ஒட்டும், அந்த நேரத்தில் வாயு உண்டாகும், சவ்வைத் தாண்டி அக்கம்பக்கத்துச் செல்லுக்குள் போய்விடும். அதை வாங்கிக்கொள்ளும் குவானிலைல் சைக்ளேஸ் என்ற இன்னொரு நொதி பர்கின்ஜி செல்லுக்குள் இருக்கிறது. தயாரிக்கிற இடம் ஒன்று, போய்ச் சேருகிற இடம் வேறு. என் சாயம் தயாரிக்கிற இடத்தை மட்டுமே காட்டியது.

ரெக்கார்டு நோட்டில் அந்தப் படத்துக்குக் கீழே "சாயம் ஏறவில்லை" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "நொதி இல்லை" என்று எழுதினேன்.