விவாகரத்து வழக்குக்கு நான் திரட்டிய சான்றுகளும் தொட மறுத்தவையும்

என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது உறுதியானதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவருடைய கைப்பேசியில் உளவுச் செயலி ஒன்றை ஏற்றிவிடலாம் என்றான் தம்பி. பணம் கொடுத்தால் அவருடைய அழைப்பு விவரங்களை மொத்தமாக வாங்கித் தர ஆள் இருக்கிறது என்றான் சின்னாத்தா மகன். அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், சிநேகிதர்கள் போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றையும் நான் செய்யவில்லை. வழக்கு என் பக்கம் தீர்ந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இன்று இதே நிலையில் தவித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருப்பார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்தது காரைக்குடியில் ஒரு பெண் வழக்கறிஞரை. கதையை முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “இந்தச் சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, இது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குக் கூசாமல் பதில் சொல்ல முடிகிறதை மட்டும் கொண்டுவாருங்கள், ஆச்சி.” அதன் பிறகு ஒவ்வொரு காகிதத்தையும் அந்தக் கேள்வியைக் கேட்டே எடுத்து வைத்தேன்.

போலீஸ் யோசனைக்கு அங்கேயே விடை கிடைத்தது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கிவிட்டது. அந்தப் பிரிவு இருந்த காலத்திலும் கணவன்மீது மனைவி புகார் செய்ய அதில் இடம் இருந்ததில்லை. ஆனால் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 13-ஆம் பிரிவின்படி விவாகரத்துக்கு அது இன்றும் ஒரு காரணம்தான். 1976-ல் செய்த திருத்தத்துக்குப் பின், அந்த உறவு தொடர்ந்து நடந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. திருமணத்துக்குப் பிறகு ஒரு முறை நடந்தது நிரூபணமானாலே போதும். கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்ப்பதில்லை. சூழ்நிலைகளை ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கும்போது நியாயமாக என்ன முடிவுக்கு வர முடிகிறது என்றுதான் பார்க்கிறது. வழக்கறிஞர் மனுவில் கொடுமை என்ற காரணத்தையும் சேர்த்தே எழுதினார். ஒன்று நிற்காவிட்டால் மற்றது நிற்கும்.

தம்பிக்குத்தான் மனம் ஆறவில்லை. “அவர் செய்தது மட்டும் நியாயமா?” என்று கொதித்தான். அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். அடுத்தவருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதற்கும், அனுமதி இல்லாமல் அவர் கருவிக்குள் நுழைவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். கூடவே 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கொடுத்த ஒரு தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார். அதில் மனைவிக்குத் தெரியாமல் அவர் கைப்பேசியின் அழைப்பு விவரங்களை எடுத்துத் தாக்கல் செய்தவர் கணவர். அந்தரங்க உரிமையை மீறி எடுத்த சான்று ஏற்கத்தக்கதல்ல என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாவட்டத்து மேல்முறையீடு போகிற இடமும் அதுவே. தம்பி அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது கணவர் வழிப் பூர்வீக வீடு. தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும். முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்பார்கள். பங்காளிகள் எல்லோருக்கும் பொது. பழைய மரச்சாமான்கள் திருட்டுப் போகிற பயத்தில் தெரு வாசலிலும் முகப்பிலும் கேமரா வைத்திருந்தார்கள். சென்னையில் வேலை பார்த்த என் கணவர், ஹைதராபாத் போவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போன நாள்களில் இந்த வீட்டில் தங்கியிருக்கிறார். தனியாக அல்ல. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மனம் பொறுக்காமல் என் ஆத்தாளிடம் வந்து சொன்னார்.

கேமராப் பதிவு பெட்டிக்குள் வெகுநாள் இருக்காது. இடம் நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே புதியது ஏறும். ஆகவே அன்று மாலையே பெட்டியைப் பராமரிக்கிற பங்காளி வீட்டுப் பெரியவரைப் பார்க்கப் போனேன். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். “குடும்ப மானம் தெருவுக்கு வந்துவிடுமே, ஆச்சி” என்றார். “நீங்கள் மறுத்தால் கோர்ட் மூலம்தான் கேட்பேன், பெரியவரே. பதிவு அழிந்துபோனால் யார் அழித்தார்கள் என்ற கேள்வி வரும்” என்றேன். பெட்டியை என் கையில் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே, தன் பொறுப்பில், பிரதி எடுக்க வேண்டும் என்றேன். அதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது அதோடு வைக்க வேண்டியதை முன்பு 65-பி சான்றிதழ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது அது 63-ஆம் பிரிவு. சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள். ஒன்றில் கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் வல்லுநர். கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பில் உள்ளதை வைத்துக் கணினி கணக்கிடும் அடையாள எண், இரண்டிலும் எழுதப்படுகிறது. கோப்பில் ஒரு நொடிப் படத்தை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் அதன் பிறகு யாரும் திருத்தியதாகச் சொல்ல முடியாது. பெரியவர் இரண்டு நாள் கழித்துப் பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தார். படிவத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகே கையெழுத்திட்டார். அவர்மீது எனக்கு இன்றும் மிகுந்த மரியாதை.

அந்தப் படத்தில் இருந்தது இரண்டு பேர் இரவில் வீட்டுக்குள் போவதும், விடிந்த பின் வெளியே வருவதும் மட்டும்தான். உள்ளே அறையில் ரகசியக் கேமரா வைத்திருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்குமே என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஒருவருடைய அந்தரங்கத்தைப் படம் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம். அப்படி ஒன்றைச் செய்யவும் என் மனம் இடம் தராது. அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பெண்தான்.

அடுத்தது வங்கிக் கணக்கு. எங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக இருந்ததால் அறிக்கை கேட்கும் உரிமை எனக்கு உண்டு. இணையத்தில் இறக்கிய தாள் போதாது. 1891-ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகங்கள் சாட்சியச் சட்டப்படி வங்கி அதிகாரி சான்றளித்த பிரதி வேண்டும். எழுதிக் கொடுத்து வாங்கினேன். அதில் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதிக்குப் பணம் போயிருந்தது. விடுதிக்குப் போய் வரவேற்பில் இருப்பவரைக் கெஞ்சியோ காசு கொடுத்தோ பதிவேட்டைப் படம் எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பதிவேட்டோடு வரும்படி விடுதிக்குச் சம்மன் அனுப்ப வைத்தோம். விடுதி ஊழியர் கனத்த பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். என் கணவரின் சாய்ந்த கையெழுத்து. அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்; உறவு என்ற கட்டத்தில் ‘மனைவி’ என்று அவரே எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஊழியரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அழைப்பு விவரங்களையும் இதே வழியில் நீதிமன்றம் மூலம் கேட்கலாம். தருவதா இல்லையா என்பது நீதிபதியின் முடிவு. தொலைபேசி நிறுவனங்கள் அவற்றை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதனால் கேட்பதானால் தாமதிக்கக் கூடாது. எனக்கு அது தேவைப்படவில்லை. தனியார் துப்பறிவாளரையும் நான் வைக்கவில்லை. அவர்களுக்கு உரிமம் கொடுத்து முறைப்படுத்தும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பொது இடத்தில் அவர்கள் எடுக்கிற படம் செல்லும் என்றாலும், எடுத்தவரே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

நானும் அவரும் கைப்பேசியில் பேசிய ஓர் உரையாடல் என்னிடம் பதிவாகி இருந்தது. அதில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததால் வழக்கறிஞர் அதைத் தாக்கல் செய்யாமல் வைத்திருந்தார். 2025 ஜூலை 14 அன்று, கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அவர்களுக்கிடையிலான வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகே கூடுதல் சான்றாவணமாகக் கொடுத்தோம். கவனியுங்கள், அது என்னோடு அவர் பேசியது. அவரும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டதை நான் ஒட்டுக்கேட்டிருந்தால் கதை வேறு.

சட்டத்தைவிட எனக்குக் கடினமாக இருந்தது வீட்டுப் பஞ்சாயத்து. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டுப் பட்டாலையில் கூடினார்கள். “நடந்தது நடந்துவிட்டது. ஒரு மாதம் சென்னையில் போய் அவரோடு இருந்து பார்” என்றார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது: தெரிந்த பிறகும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்தால் அந்தத் தவறைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது. உண்மையிலேயே மன்னிக்க மனம் இருந்தால் தாராளமாகப் போகலாம். பெரியவர்கள் சொல்கிறார்களே என்று ஒப்புக்குப் போகக் கூடாது. எனக்கு அந்த மனம் இல்லை. ஆத்தா வீட்டிலேயே இருந்தேன். “சேர்ந்து வாழ எனக்கு விருப்பமில்லை” என்று அந்தக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்தேன். ஆத்தா அழுதார்கள். குறுக்கு விசாரணையில் “பெரியவர்கள் சமாதானம் செய்து வைத்தார்கள் அல்லவா?” என்று கேட்கப்பட்டபோது அந்தக் கடிதம்தான் பதிலாக இருந்தது.

அவர் சென்னையில் இருந்தாலும் வழக்குக்காக நான் சென்னைக்கு அலையவில்லை. மனைவி தான் வசிக்கும் எல்லையிலேயே மனுச் செய்யலாம் என்று அதே சட்டத்தில் 2003-ல் திருத்தம் வந்திருக்கிறது. சிவகங்கையிலேயே நடந்தது. திருமணத்துக்குச் சான்றாக அழைப்பிதழ், படங்களோடு, இரு வீட்டாரும் கையெழுத்திட்ட இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தத்தையும் கொடுத்தோம். என் சீர்ச்சாமான்களைத் திரும்பக் கேட்டபோதும் அது உதவியது. சமரசப் பேச்சு, வாய்தா, பிரமாண வாக்குமூலம் என்று எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சாட்சி சொல்ல வந்த நாள் எனக்குக் கலக்கமாக இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன். “ஆச்சி உங்களுக்குப் பணம் கொடுத்தார்களா?” என்று கேட்டார்கள். “பஸ் காசுகூட நான் வாங்கவில்லை, ஐயா. அந்த வீட்டு உப்பைத் தின்கிறேன், பொய் சொல்ல முடியவில்லை” என்றார். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

பெயர்களையும் வழக்கு எண்ணையும் நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இத்தகைய வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சொல்கிறது. நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதையும் தடை செய்கிறது. உங்களிடம் இருக்கும் படத்தையோ பதிவையோ கோபத்தில் உறவினர் வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். உறையிலிட்டு வழக்கறிஞரிடம் கொடுங்கள். மூலப் பதிவு இருக்கும் கைப்பேசியை மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.