சார்ட்டைத் திருத்திய கை

கப்பலில் சார்ட்டுகளுக்கு, அதாவது கடல் வரைபடங்களுக்கு, பொறுப்பு செகண்ட் மேட் என்ற அதிகாரி. எக்டிஸ் என்ற மின்னணுச் சார்ட் திரை வருவதற்கு முன் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி திருத்த வேலைதான். பிரிட்டிஷ் அட்மிரால்டி வாரந்தோறும் திருத்த அறிவிப்பு வெளியிடும். துறைமுகத்தில் ஏஜென்ட் கொண்டுவரும் கட்டுக்குள் பல வாரத்து அறிவிப்புகள் சேர்ந்திருக்கும். டிரேசிங் தாளைச் சார்ட்டின் மேல் பொருத்தி, ஊசியால் குத்தி இடத்தைக் குறித்து, மெல்லிய பேனாவில் ஊதா மையால் புதிய மிதவையை வரைய வேண்டும். பழையதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. அடியில் இருந்தது படிக்கத் தெரிகிற மாதிரி அடித்துவிட வேண்டும். கடைசியில் இடது கீழ் மூலையில் ஆண்டும் திருத்த எண்ணும்.

அலுப்பான வேலை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிங்கப்பூர் ஜலசந்தி சார்ட்டில் மூழ்கிய கப்பல் ஒன்றைத் தன் கையால் வரைந்தவருக்கு, அந்தப் பக்கம் போகும்போது யாரும் அதை நினைவூட்ட வேண்டாம். இன்று அதே திருத்தங்கள் கோப்பாக வந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாச் சார்ட்டிலும் ஏறிவிடுகின்றன. கைத்தவறுக்கு இடமில்லை, பெரிய நன்மைதான். என்ன மாறியது என்று மட்டும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், பல நேரம் ஒருவருக்கும் தெரிவதில்லை.

காகிதமா, திரையா, எதை நம்பலாம் என்று பயிற்சியில் இருக்கும் கேடட்டுகள் கேட்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அளவீடு. இன்னும் பல கடல் பகுதிகளில் ஆழம் கடைசியாக அளக்கப்பட்டது ஈயக்குண்டு கட்டிய கயிற்றால்தான். அந்த எண்ணைத் திரையில் ஏற்றியதால் துல்லியம் கூடிவிடாது. காகிதச் சார்ட்டில் எந்தப் பகுதி எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்று காட்டும் சின்னப் படம் ஒன்று இருக்கும். எக்டிஸில் அதற்கு நட்சத்திரக் குறிகள். ஆறு நட்சத்திரம் என்றால் மிக நல்ல அளவீடு. மூன்று என்றால் ஒரு பாறையோ திட்டோ காட்டிய இடத்திலிருந்து 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். திரையை அடைக்கிறது என்று பலர் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். பயணத் திட்டம் போடும்போதாவது அதைப் போட்டுப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வேன்.

தரவே பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஜனவரி சாட்சி. அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் கப்பல் பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டில் ஏறியது. டிஜிட்டல் சார்ட் ஒன்றில் அந்தத் திட்டு சுமார் 8 கடல் மைல் தள்ளிக் காட்டப்பட்டிருந்தது. கப்பலை வெட்டித்தான் அகற்ற முடிந்தது.

அதைவிட என்னை அதிகம் உறுத்துவது அதே ஆண்டு செப்டம்பரில் டோவர் ஜலசந்தியில் நடந்தது. ராட்டர்டாமிலிருந்து இத்தாலிக்குப் போன ஓவிட் என்ற ரசாயன டேங்கர் வார்ன் மணல்திட்டில் தரைதட்டியது. இங்கே சார்ட்டில் எந்தப் பிழையும் இல்லை. அனுபவம் குறைந்த அதிகாரி போட்ட பாதை நேராகத் திட்டின் மேல் போனது. கேப்டன் அதைச் சரிபார்க்கவில்லை. சுமார் 8 மீட்டர் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் கப்பலுக்குப் பாதுகாப்பு ஆழக்கோட்டை, அதாவது எந்த ஆழத்துக்குக் கீழே ஆபத்து என்று திரைக்குச் சொல்லும் எல்லையை, 30 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் அந்தக் கடலில் பெரும்பகுதி ஆபத்து நிறத்தில்தான் தெரியும். அப்புறம் உண்மையான ஆபத்தை எப்படிப் பிரித்தறிவது? எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. திட்டின் மிதவை விளக்குகள் முன்னால் மின்னின, பார்த்தவர் சொல்லவில்லை. கப்பல் நின்றுவிட்டது என்று அப்போது பொறுப்பில் இருந்த வாட்ச் அதிகாரிக்குப் புரியவே 19 நிமிடம் ஆனது.

காகிதத்தில் பென்சிலும் பேரலல் ரூலரும் வைத்துக் கோடு இழுத்திருந்தால், அந்தக் கோடு ஆழம் குறைந்த எண்கள் மேல் ஏறும்போதே கை நின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகக் காகிதமே போதும் என்று சொல்லமாட்டேன். மலாக்கா ஜலசந்தியில் இரவில், மழையில், மீன்பிடி படகுகளுக்கு நடுவே திரும்பும்போது, சார்ட் மேசைக்குப் போய்க் குறித்துவிட்டு வருவதற்குள் கப்பல் வேறு இடத்தில் இருக்கும். எக்டிஸ் கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. அதிகாரியின் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்க முடிகிறது. அந்த வசதியை இழக்க நான் தயாரில்லை.

ஆனால் அந்த இடம் ஜிபிஎஸ் சொல்லும் இடம். ஹோர்முஸ் ஜலசந்திப் பக்கம் யாராவது சிக்னலைக் குழப்பும்போது கப்பல் திரையில் தரைமேல் நிற்பதும் உண்டு. அதனால் கரை தெரியும் தூரத்தில் என் தேர்ட் மேட்டுகள் ரேடாரில் ஒரு முனையின் தூரமும் பியரிங்கும் (திசைக்கோணமும்) எடுத்து எக்டிஸிலேயே கையால் குறிக்க வேண்டும். ஆழக்கோட்டைத் தாண்டும்போது ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டரையும் பார்த்து ஒப்பிட வேண்டும். பயணத்துக்கு முன் போட்ட பாதையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பார்க்க வேண்டும். எக்டிஸின் தானியங்கிச் சோதனை ‘சரி’ என்று சொன்னாலும் இதை விடக் கூடாது. நீண்ட பயணமென்றால் அரை நாள் போகும், போகட்டும்.