பேர் சொல்லாமல் வந்த 138-வது ஆள்

போன மாதம் அண்ணன் மகளுக்குக் காதணி விழா. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர், மொய் எழுதாமல் விசேஷம் முடியாது. வழக்கமாகப் பெரியப்பாதான் நோட்டுப் போட்டு எழுதுவார். நான் அப்போதுதான் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க ஆரம்பித்து ரெண்டு மாதம், வாய் சும்மா இருக்காமல் "இந்தத் தடவை லேப்டாப்பில் எழுதிடலாம், கூட்டல் தானா வந்துடும்" என்று சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, நான் எழுதின ப்ரோக்ராமுக்கு ஒத்திகை. 501, 1001, 101 என்று மூன்று மொய் அடித்தேன். மொத்தம் 101 என்று வந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "ஊரே சேர்ந்து நூத்தியொண்ணுதான் வச்சிருக்கா?" என்றார். மொத்தம் = 0 என்ற வரியை லூப்புக்கு, அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதிக்கு, உள்ளேயே எழுதி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஆள் வரும்போதும் அதுவரைக்கும் வந்த பணத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது. அந்த வரியைத் தூக்கி லூப்புக்கு மேலே போட்டேன், சரியானது.

அடுத்து பார்த்தால் ஒருத்தருக்கும் பேர் இல்லை. தொகையை நெக்ஸ்ட்இன்ட் என்ற கட்டளை வைத்து வாங்கினால் அது எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, நாம் தட்டின என்டரை அப்படியே விட்டுவிடுமாம். பின்னாலேயே பேர் வாங்க வருகிற நெக்ஸ்ட்லைன் என்ற கட்டளை அந்த என்டரையே பேர் என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் சும்மா இன்னொரு நெக்ஸ்ட்லைன் போட்டு அதை விழுங்க வைத்தேன். மொய்களைச் சேர்த்து வைக்கிற அர்ரேயில் (இத்தனை இடம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டிய வரிசை) 100 இடம்தான் போட்டிருந்தேன், 101-வது ஆள் வந்தால் ப்ரோக்ராமே படுத்துவிடும் என்று நண்பன் போனில் பயமுறுத்தியதால், ஆள் வர வர நீண்டுகொண்டே போகிற அர்ரேலிஸ்ட்டாக மாற்றினேன். மொய்க்கு வருகிறவர்களை எண்ணி வைத்தா அழைக்கிறோம்?

விழா அன்றைக்குப் பெரியப்பா நோட்டோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். "உன் பெட்டி பாட்டுக்கு அது எழுதட்டும், என் பாட்டுக்கு நான் எழுதுறேன்." மைக்கில் ஒருத்தர் பேரும் தொகையும் சொல்லச் சொல்ல, தட்டித் தட்டி விரல் வலித்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் -1 அடித்தேன், அதுதான் நிறுத்து என்பதற்கு நான் வைத்த அடையாளம். பேர் கேட்டது, வெறும் என்டர் தட்டினேன். மொத்தம் 86,436.

பெரியப்பா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப்புடா."

அவர் இன்னும் கூட்டவே ஆரம்பிக்கவில்லை! எப்படித் தெரியும் என்றேன். "137 பேரு. ஒருத்தர் விடாம நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னு ஒத்தை ரூவா சேர்த்துத்தான் வச்சிருக்காங்க. அப்ப கடைசியில 37 வரணும். உனக்கு எப்படி 36 வருது?" படித்தது எட்டாவது.

அப்புறம் அவர் கூட்டியதில் 86,437. எவர்சில்வர் டப்பாவில் இருந்த பணத்தை எண்ணினால் அதுவும் 86,437. லேப்டாப்பில் மட்டும்தான் ஒரு ரூபாய் குறைகிறது, ஆனால் ஆள் கணக்கு 138 என்று காட்டுகிறது! ஒரு ஆள் கூட வந்து எப்படிப் பணம் குறையும் என்று சொந்தக்காரர்கள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். சின்ன அத்தை தாம்பூலப் பைகளுக்கு அடியில் கூடத் தேடினார்.

பட்டியலைக் கீழே தள்ளிக் கடைசி வரிக்குப் போனேன். பேர் காலி. மொய்: -1.

வைல் லூப் "தொகை -1 ஆக இல்லாத வரை ஓடு" என்று வாசலில்தான் பார்க்கிறது. நான் உள்ளே தொகையை வாங்கி, லிஸ்ட்டில் சேர்த்து, மொத்தத்திலும் கூட்டிவிட்டுத்தான் வாசலுக்கே திரும்புகிறேன். -1 உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவின பிறகு "நீ யாருப்பா" என்று கேட்கிற மாதிரி. வாங்கினவுடனே -1 தானா என்று பார்த்து, ஆமென்றால் பிரேக் போட்டு வெளியே வந்திருக்க வேண்டும், ஒரே வரி வேலை.

இதையெல்லாம் பெரியப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது ஒருத்தன் பேரு சொல்லாம வந்து, ஒத்தை ரூவாயை எடுத்துட்டுப் போயிருக்கான்?"

"அப்படித்தான் பெரியப்பா."

"சரி, எழுதி வை. வாங்கின மொய்யைக் கொஞ்சம் கூடச் சேர்த்துத்தான் திருப்பிச் செய்யணும். அவன் வீட்டு விசேஷத்துக்குப் போய் நாம ரெண்டு ரூவா எடுத்துட்டு வருவோம்."