காற்றாலை ஏலமும் கட்ச் மாவட்டமும்

முப்பந்தலைக் கடந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்லும்போதெல்லாம், சாலையின் இருபுறமும் நெருக்கமாக நிற்கும் காற்றாலைகளைக் கண் எடுக்காமல் பார்ப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். மலைக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் அடிக்கும் காற்றை நம்பி நிறுவப்பட்ட அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏலத்தின் வழியாக வந்தவை அல்ல. எந்திர விலையின் பெரும்பகுதியை முதல் சில ஆண்டுகளிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடும் தேய்மானக் கழிவு என்ற வரிச்சலுகையும், யூனிட்டுக்கு இன்ன விலை என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே நிர்ணயித்துத் தந்த உறுதியும் அவற்றைக் கொண்டுவந்தன. 2016-இல் தமிழ்நாட்டு ஆணையம் நிர்ணயித்த விலை 4 ரூபாய் 16 காசு.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுவனமான இந்திய சூரிய மின்சக்திக் கழகம் 1,000 மெகாவாட்டுக்கு நடத்திய முதல் காற்றாலை ஏலம் இந்த ஏற்பாட்டை அடியோடு மாற்றியது. மூடிய உறையில் விலையைப் பெற்ற பின், போட்டியாளர்கள் இணையவழியில் தங்கள் விலையைக் காசு காசாகக் குறைத்துக்கொண்டே வர, குறைவாகக் கேட்டவர்களிடம் 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் தலைகீழ் ஏலம் இது. அந்த ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அக்டோபரில் 2 ரூபாய் 64 காசு. டிசம்பரில் குஜராத் மாநிலம் தனியாக நடத்திய ஏலத்தில் 2 ரூபாய் 43 காசு. ஆணையங்கள் நிர்ணயித்துவந்த விலையில் எவ்வளவு தாராளம் இருந்தது என்பதை ஒரே ஆண்டில் வெளிக்கொணர்ந்ததற்காக ஏலத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதே ஆண்டில் புதிய காற்றாலைகள் எழுவது வெகுவாகக் குறைந்துபோனது. 2016-17 நிதியாண்டில் சுமார் 5,500 மெகாவாட் நிறுவப்பட்ட நாட்டில், அடுத்த ஆண்டு 2,000 மெகாவாட்டைக்கூட எட்ட முடியவில்லை. ஏல விலையைக் கண்ட மாநிலங்கள் பழைய விலையில் புதிய ஒப்பந்தம் போட மறுத்தன. 2019-இல் ஆந்திர அரசு ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களின் விலையையே குறைக்க முற்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது இடத்தின் பிரச்சினை. சூரிய ஒளி நாட்டின் பெரும்பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. நல்ல காற்றோ சில கணவாய்களிலும் கடலோரச் சமவெளிகளிலும் மட்டுமே கிடைக்கிறது. எந்த மாநிலத்தில் அமைத்தாலும் ஒரே போட்டி, மாநிலம் கடந்து மின்சாரம் கொண்டுசெல்லக் கட்டணமும் இல்லை என்றால், காற்று மிகுந்த, நிலம் மலிவான ஓரிரு இடங்களுக்கே எல்லோரும் போவார்கள். அப்படித்தான் வென்ற நிறுவனங்களில் பல குஜராத்தின் கட்ச் மாவட்டத்தை நோக்கிச் சென்றன. அங்கே துணைமின் நிலையங்களும் உயரழுத்தப் பாதைகளும் உருவாக வேண்டியிருந்தது. வெளிமாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்காக அரசு நிலத்தைத் தர மாநில அரசும் ஒரு கட்டத்தில் தயங்கியது. யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய் என்று கணக்குப் போட்ட நிறுவனத்துக்கு ஓராண்டுத் தாமதத்தின் வட்டியைத் தாங்க இடமேது?

குறைந்தது 50 மெகாவாட் என்ற வரம்பால், ஒன்றிரண்டு காற்றாலைகளை வைத்துத் தங்கள் ஆலையை ஓட்டிவந்த கோவை, திருப்பூர் நூற்பாலைக்காரர்களுக்கு இந்த ஏலத்தில் நுழைவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏலத்தில் எதைக் கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும் என்பதற்கு 2020-இன் தொடக்கத்தில் நடந்த 1,200 மெகாவாட் ஏலம் நல்ல சான்று. சாதாரண நேரத்து மின்சாரத்துக்கு 2 ரூபாய் 88 காசு என்று நிலையாக வைத்துவிட்டு, உச்சத்தேவை நேரத்துக்கான விலையில் மட்டும் போட்டியிடச் சொன்னபோது, காற்றையும் சூரிய ஒளியையும் சேமிப்பையும் இணைத்து, அந்த நேரத்துக்கு மிகக் குறைவாக 6 ரூபாய் 12 காசுக்குத் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. நேரத்துக்கு மதிப்பளித்த இந்த முறையை இடத்துக்கும் நீட்டிப்பதில் தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முப்பந்தலின் மிகச் சிறந்த காற்றுவழியில் இன்றும் 1990-களின் 250 கிலோவாட் எந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை அகற்றி 3 மெகாவாட் எந்திரங்களை நிறுத்தும் திட்டங்களுக்கு, கட்ச்சின் வெற்று நிலத்தோடு போட்டியிட வேண்டாதபடி, தனியாக ஓர் ஏலம் நடத்த வேண்டும்.