பிரிட்ஜுக்குள் யாருக்கு இடம்

மே 8, 2025

மதுரை செல்லூரில் சித்தப்பாவின் பெட்டிக்கடை. வெயிலுக்குப் பொவண்டோ கேட்டேன். முன்னால் பளபளவென்று நிற்கும் பிரிட்ஜைத் திறக்காமல், பின்னால் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த பிரிட்ஜ் ஒரு பெரிய கம்பெனி கொடுத்தது. அவர்கள் பாட்டிலைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாதாம். "ரெப்பு வந்து கதவைத் திறந்து பாப்பாம்ப்பா" என்றார்.

மே 9

ராத்திரி பேச்சு 2017க்குப் போனது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. சித்தப்பாவும் நிறுத்தினார். அப்புறம்? "கேட்டு வர்ற பிள்ளைகள எதிர்க்கடைக்கு அனுப்பச் சொல்றியா?"

1977இல் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுத்து கோக் இந்தியாவை விட்டுப் போனது. 1993இல் திரும்பி வந்ததும் தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட், லிம்கா என்ற இந்திய பானங்கள் மூன்றையும் விலைக்கு வாங்கிவிட்டது. பொவண்டோவைத் தயாரிக்கும், 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் இன்னும் தன் காலில் நிற்கிறது. ருசியில் நாம் தோற்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தோற்றது குளிர்ந்த இடத்தைப் பிடிப்பதில்.

மே 10

ஒரு காபிக் கடையில் கோலி சோடா எண்பது ரூபாய். பாட்டிலில் 'நம் பாரம்பரியம்' என்று ஒட்டியிருந்தார்கள். சிரிப்பு வந்தது. வாயுவின் அழுத்தத்தில் கோலி மேலே ஏறி வாயை அடைக்கும் அந்த பாட்டிலே ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் காப்புரிமை வாங்கியது. அதனால் அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? ஊருக்கு ஊர் சோடா கம்பெனி வைத்து, பன்னீரும் இஞ்சியும் சேர்த்து, நம் ஆட்கள்தான் அதை நமக்குப் பழக்கினார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்குப் பெரிதில்லை. இங்கே யார் தயாரிக்கிறார்கள், லாபம் எந்த ஊரில் தங்குகிறது என்பதைத்தான் கேட்பேன்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். வழியெல்லாம் நீர்மோர், பானகம். இலவசம் என்பதால் எந்தக் கம்பெனியாலும் இதோடு விலையில் போட்டி போட முடியாது!

மே 14

சித்தப்பா பழைய பிரிட்ஜ் ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறார். சொந்த பிரிட்ஜ் என்றால் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம். கரண்ட் பில்தான் இடிக்கிறது. சித்தி ஆடி கழியட்டும் என்கிறார்.